தொட்டில் பழக்கமும் நூறு வருட வாக்குவாதமும்

இது நீளமான பதிவு. கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படித்தால் போதும்.

சில வாரங்களுக்கு முன் இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. மெல்போர்னில் குடியிருக்கும் பழைய மாணவி. அங்கே அப்போது விடிகாலை மூன்று. எட்டு மாதப் பையன் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து அழுகிறானாம். அங்குள்ள சுகாதார நர்ஸ், "தொட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடு. அழுதால் இரண்டு நிமிடம் கழித்துப் போய்ச் சமாதானப்படுத்து. அடுத்த தடவை நான்கு நிமிடம், அதற்கடுத்த தடவை ஆறு நிமிடம்" என்று ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேறுகாலம் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட அவள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பச்சப் பிள்ளைய அழவிட்டா ஏங்கிப்போயிரும். வளந்தா முரட்டுப் பயலாத்தான் ஆவான்" என்கிறார். ஊரிலிருந்து மாமியார் போனில், "தூக்கித் தூக்கிப் பழக்காதே. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்கிறார்.

"டீச்சர், நீங்க ஹிஸ்டரி டீச்சர், டாக்டர் இல்லன்னு தெரியும். ஆனா யார் சொல்றது சரி? நான் தப்பா வளத்து இவன் நாளைக்குத் தறுதலையா ஆயிட்டான்னா?"

குரல் உடைந்துவிட்டது. பிள்ளை தூங்காததை விட இந்தக் கடைசிக் கேள்விதான் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. அன்று சமாதானமாக நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியும், சொல்கிறேன்.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. 1894-ல் லூதர் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைப் பராமரிப்பு பற்றி ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். பிள்ளை பார்த்துக்கொள்ளும் தாதிகளுக்குப் பயிற்சி தருவதற்காக எழுதப்பட்டது. முழுக்கக் கேள்வி பதில், நம் பள்ளிக்கூட நோட்ஸ் மாதிரி. தாய்மார்கள் அதை வாங்கிக் குவித்தார்கள். பதிப்பு மேல் பதிப்பாக வந்து, அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகளில் அதுதான் வேதம் ஆனது.

ஹோல்ட் சொன்னது என்ன? நேரம் பார்த்துப் பால் கொடு. தனிப் படுக்கையில் போடு. ஆட்டித் தூங்கவைக்காதே, அது வேண்டாத பழக்கம். ஆறு மாதம் ஆகும்வரை குழந்தையோடு விளையாடவே வேண்டாம், நரம்புகள் கெடும். அழுகை நுரையீரலுக்கு நல்ல உடற்பயிற்சி. பசியோ வலியோ ஈரமோ இல்லாமல், தூக்கிக்கொள்ளச் சொல்லி அழும் குழந்தையை அழுது முடிக்க விட்டுவிட வேண்டும்.

ஹோல்டைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் காலத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டுப்போன பால் குடித்துக் கோடைக்காலத்தில் கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்த நகரம் அது. காசநோயும் தொண்டை அடைப்பானும் முத்தத்தால் பரவும் என்று பயந்த காலம். ஒழுங்கும் சுத்தமும் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தன, அதை அவர் கண்ணால் பார்த்தவர். பிரச்சினை எங்கே வந்தது என்றால், கிருமிக்குச் சொன்ன கண்டிப்பைக் குணத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பால் புட்டியைக் கொதிக்க வைப்பதற்கு ஆதாரம் இருந்தது. ராத்திரி அழும் பிள்ளையைத் தூக்கினால் குணம் கெடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரே ஆள், ஒரே குரலில் இரண்டையும் சொன்னதால் படித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்து அரசாங்கமே இறங்கியது. 1912-ல் அமெரிக்காவில் குழந்தைகள் நலனுக்கென்று ஒரு மத்தியத் துறை உண்டானது. 1914-ல் அது கைக்குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு பிரசுரம் வெளியிட்டு லட்சக்கணக்கில் விநியோகித்தது. எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட், ஐந்து பிள்ளை பெற்ற தாய். அழும்போதெல்லாம் தூக்கினால் குழந்தை வீட்டுக்கே சர்வாதிகாரி ஆகிவிடும், தாய் அதற்கு அடிமையாகிவிடுவாள் என்கிற கருத்தை அவரும் எழுதினார். ஐந்து பெற்றவரே இப்படி எழுதினாரே என்று எனக்கு ஆச்சரியம். ஐந்து பெற்றதால்தான் எழுதினாரோ என்னவோ.

இதே காலத்தில் பூமியின் மறுகோடியில், நியூசிலாந்தில், ட்ரூபி கிங் என்று ஒருவர். டுனெடின் நகரத்துக்கு அருகே இருந்த ஸீக்ளிஃப் மனநோய் விடுதியின் தலைமை மருத்துவர். விடுதிக்குச் சொந்தமான பண்ணையில் புட்டிப்பால் மாதிரி வாளிப்பால் குடித்து வளர்ந்த கன்றுக்குட்டிகள் கழிச்சலில் செத்துக்கொண்டிருந்தன. பாலின் கலவையையும் அளவையும் நேரத்தையும் சரிசெய்தார். கன்றுகள் பிழைத்தன. கன்றுக்கு ஆனது பிள்ளைக்கு ஆகாதா என்று யோசித்தார். 1907-ல் ஒரு சங்கம் தொடங்கினார். கவர்னரின் மனைவி பிளங்கெட் சீமாட்டி அதை ஆதரித்ததால் பிளங்கெட் சங்கம் என்றே பெயராகிவிட்டது. அந்த நர்சுகள் வீடு வீடாகப் போனார்கள். நான்கு மணிக்கொரு தரம் பால், ராத்திரியில் பால் கிடையாது, காற்றோட்டமான இடத்தில் தனியாகத் தூக்கம்.

கிங் ஒரு படி மேலே போனார். கடிகாரத்தைப் பார்த்து உண்ணவும் உறங்கவும் பழகுவதுதான் பிற்காலக் கீழ்ப்படிதலுக்கே அஸ்திவாரம் என்றார். மனநோய் விடுதியின் மருத்துவர் அல்லவா? பெரியவர்களிடம் தான் கண்ட கோளாறுகளின் வேரைத் தொட்டிலில் தேடினார். 1938-ல் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பதவியில் இல்லாத ஒரு தனிமனிதருக்கு நியூசிலாந்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அந்த நாட்டில் சிசு மரணம் குறைந்ததில் அவர் பங்கு எவ்வளவு, குடிநீர் வசதிக்கும் வாழ்க்கைத்தர உயர்வுக்கும் பங்கு எவ்வளவு என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனால் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ள, அடுத்த அறையில் பிள்ளை கதற, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்களை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

ஹோல்டும் கிங்கும் மருத்துவர்கள். மூன்றாமவர் உளவியல்காரர். ஜான் பி. வாட்சன், பால்டிமோரில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். பயத்தையும் பழக்கத்தின் மூலம் உண்டாக்கலாம் என்று காட்ட ஒரு வயதுகூட ஆகாத குழந்தையைச் சோதித்தார். வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்து, அந்த எலியைப் பார்த்தாலே குழந்தை அலறும்படி செய்தார். 1920-ல் வெளியான அந்த ஆய்வில் கூட இருந்தவர் மாணவி ரோசலி ரேனர். இருவருக்கும் ஏற்பட்ட உறவால் வாட்சனின் வேலை போனது. ரோசலியை மணந்துகொண்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபின் 1928-ல் எழுதியதுதான் குழந்தை வளர்ப்பு பற்றிய அவருடைய பிரபலமான புத்தகம். தாய்ப்பாசம் அளவு மீறினால் பிள்ளைக்கு ஆபத்து என்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. கட்டிப்பிடிக்காதே, மடியில் வைக்காதே, தவிர்க்க முடியாவிட்டால் தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் கைகுலுக்கல். கைகுலுக்கல்! பெற்ற பிள்ளையோடு!

அந்தப் புத்தகத்துக்கு உதவிய ரோசலியே 1930-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். தான் அவ்வளவு நல்ல சிஷ்யை இல்லை, பிள்ளைகளோடு சிரித்து விளையாடவும் கொஞ்சவும் ஆசையாக இருக்கிறது என்பதை வேடிக்கையாகவே ஒப்புக்கொண்டார். ஐந்தாறு வருடத்தில் இறந்துபோனார். அவர்களுடைய மூத்த மகன் வில்லியம் மனநல மருத்துவரானார், பிறகு தற்கொலை செய்துகொண்டார். வாட்சனின் முதல் தாரத்து மகளுக்குப் பிறந்த நடிகை மேரியட் ஹார்ட்லி 1990-ல் எழுதிய தன் வரலாற்றில், தாத்தாவின் கொள்கை தங்கள் குடும்பத்தையே சீரழித்தது என்று வருந்தியிருக்கிறார்.

இங்கே என் மாணவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, கொஞ்சாமல் வளர்த்ததன் பலன் என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு கொள்கைக்குச் சாட்சி ஆகாது. தாய் சீக்கிரம் போனது, தகப்பனின் சுபாவம், பரம்பரையாக வரும் மனச்சோர்வு என்று எத்தனையோ இருக்கலாம். வாட்சன் செய்த அதே தவறை நாம் எதிர்ப்பக்கம் நின்று செய்யக் கூடாது. ஒன்று மட்டும் அவருக்குப் பெருமையாகச் சொல்லலாம். 1936-ல் எழுதிய தன் வரலாற்றுக் குறிப்பில், அந்தப் புத்தகத்தை எழுதும் அளவுக்குத் தனக்கு அப்போது விஷயம் தெரியாது என்று வருத்தத்தோடு எழுதினார். புத்தகம் விற்ற கடைகளில் அந்த வருத்தம் விற்கவில்லை.

ஜெர்மனியில் இதே கண்டிப்பு அரசியலோடு சேர்ந்துகொண்டது. 1934-ல் யோஹானா ஹாரர் என்ற பெண் மருத்துவர் முதல் குழந்தை பெற்ற ஜெர்மானியத் தாய்க்கென்று ஒரு நூல் எழுதினார். அவர் நுரையீரல் மருத்துவர், குழந்தை மருத்துவர் அல்ல. தனி அறை, அழுதால் தூக்காதே, இல்லாவிட்டால் குட்டிக் கொடுங்கோலன் உருவாவான் என்பதே அதிலும். நாஜிக் கட்சி அதைத் தாய்மார் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் அரசியல் வரிகளை நீக்கிவிட்டு, தலைப்பில் ஒரு சொல்லைக் குறைத்து, 1980-கள் வரை விற்றார்கள்.

காற்று திரும்பியது 1946-ல். பெஞ்சமின் ஸ்போக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் புத்தகம் 25 சென்ட் விலையில் மலிவுப் பதிப்பாக வந்தது. உங்கள் மனம் சொல்வதை நம்புங்கள், உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட நிறையத் தெரியும் என்ற தைரியத்தோடு அது தொடங்கியது. ஸ்போக்கின் அம்மா யாருடைய புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளை வளர்த்தவர் தெரியுமா? ஹோல்டினுடையதை! சுத்தமான காற்று வேண்டுமென்று குளிர்காலத்திலும் வெளித் தாழ்வாரத்தில் படுக்க வைக்கப்பட்ட பிள்ளை இவர். வளர்ந்து 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கினார், பிறகு ஹோல்டின் கண்டிப்பையே ஒதுக்கிவைத்துப் புத்தகம் எழுதினார். ஹோல்ட் முறை வெற்றியா தோல்வியா, நீங்களே சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இதே ஸ்போக், தூங்க மறுத்து அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஹோல்ட் சொன்னதைத்தான் சொன்னார். படுக்கவைத்துவிட்டு வெளியே வாருங்கள், முதல் நாள் இருபது முப்பது நிமிடம் கத்தும், இரண்டாம் நாள் பத்து நிமிடம், மூன்றாம் நாள் பெரும்பாலும் சத்தமே இராது என்று. ஆனாலும் செல்லம் கொடுக்கச் சொன்னவர் என்ற பெயர் அவருக்கே நிலைத்தது. வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கியபோது ஸ்போக்கும் அவர்களோடு நின்றார், 1968-ல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீட்டில் ரத்தானது. அப்போது ஒரு பிரபல பாதிரியாரும், பின்னர் துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூவும், இந்தத் தலைமுறையே ஸ்போக் கெடுத்த பிள்ளைகள் என்று குற்றம் சாட்டினார்கள். ஒரு நாட்டின் போர் எதிர்ப்பையே, அழுதபோது தூக்கியதன் பலன் என்று விளக்க முடிந்தது பாருங்கள்.

ஸ்போக் செய்த உண்மையான தவறு வேறு. அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து, குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது நல்லது என்று எழுதினார். மல்லாந்து படுத்தால் வாந்தி தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பது காரணம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்து மருத்துவர்கள் பலரும் அதையே சொன்னார்கள். ஆனால் தூக்கத்திலேயே திடீரென்று குழந்தை இறந்துபோவது குப்புறப் படுப்பவர்களிடம்தான் அதிகம் என்று பிற்பாடு தெரியவந்தது. 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் மல்லாத்திப் படுக்கவையுங்கள் என்று பிரசாரம் நடந்தபின் அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. 2005-ல் வந்த ஓர் ஆய்வு, அதுவரை இருந்த தகவல்களை 1970 வாக்கிலேயே ஒழுங்காகத் தொகுத்துப் பார்த்திருந்தால் மேலை நாடுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டது. குணத்தைப் பற்றி எத்தனையோ பேர் ஆதாரமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடங்களில், ஆதாரம் பார்த்திருக்க வேண்டிய இடத்தில் யாரும் பார்க்கவில்லை.

இனி எதிர்ப்பக்கம். தாயைப் பிரிந்து விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குழந்தைக்குப் பாலைப் போலவே பாசப் பிணைப்பும் வேண்டும் என்பது அதன் சாரம். அவரோடு வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவில் கம்பாலாவுக்கு அருகே கிராமத்துத் தாய்மார்களைக் கவனித்தார். பிறகு வாட்சன் இருந்த அதே ஜான்ஸ் ஹாப்கின்சில் வேலைக்குச் சேர்ந்து, பால்டிமோரில் 26 குடும்பங்களை, பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு வருடம், ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். சில்வியா பெல்லோடு சேர்ந்து 1972-ல் முடிவை வெளியிட்டார். முதல் மாதங்களில் அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதார்கள். தூக்கினால் அழுகை பழகிவிடும் என்ற ஹோல்டின் வாதம் தலைகீழானது. அந்த ஊரிலேயே, வாட்சனின் பல்கலைக்கழகத்திலேயே.

மாணவியின் அம்மா இதைக் கேட்டால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அவசரப்பட வேண்டாம். 26 குடும்பம் சிறிய எண்ணிக்கை. எது முதல், எது பின் என்பதிலும் சந்தேகம் எழுந்தது. அதிகம் அழாத பிள்ளையை உடனே கவனிப்பது சுலபமில்லையா? 1991-ல் நெதர்லாந்தில் 50 குழந்தைகளை வைத்து ஏறக்குறைய அதே மாதிரி பார்த்தபோது, தாய் சில சமயம் கவனிக்காமல் விட்ட குழந்தைகள்தான் பிறகு குறைவாக அழுதார்கள்!

ஆக, நூறு வருடமாக இரண்டு கட்சி. ஒரு கட்சி, தூக்கினால் கெடுவான் என்றது. மறு கட்சி, தூக்காவிட்டால் கெடுவான் என்றது. இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்தீர்களா? கெட்டால் அம்மாதான் காரணம். அப்பா இந்தப் புத்தகங்களில் அநேகமாகத் தென்படுவதே இல்லை.

சரி, யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். எங்கே தெரியுமா, என் மாணவி குடியிருக்கும் அதே மெல்போர்னில். ஏழு மாதத்தில் தூக்கப் பிரச்சினை இருப்பதாகப் பெற்றோர் சொன்ன 326 குழந்தைகள். சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல இரண்டு குழு. ஒரு குழுவின் பெற்றோருக்கு நர்சுகள் இந்த நிமிடக் கணக்கு முறையையோ, பிள்ளை தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து நாளாக நாளாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளும் முறையையோ கற்றுக்கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வயதில் கற்றுக்கொண்ட குழுவில் தூக்கப் பிரச்சினை குறைந்தது. இரண்டு வயதில் அந்தத் தாய்மார்களிடம் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. ஹாரியட் ஹிஸ்காக்கும் உடன் இருந்தவர்களும் இதை நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது அன்னா பிரைஸ் என்ற ஆய்வாளர் மறுபடி தேடிப் போனார். 225 பேர் கிடைத்தார்கள். குணம், அடம், தூக்கம், மன அழுத்த ஹார்மோன், தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள நெருக்கம் எல்லாவற்றையும் அளந்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. கெடுதலும் இல்லை. நீண்டகால நன்மையும் இல்லை.

அந்த "நன்மையும் இல்லை" என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மாமியாருக்கும் அதில் பதில் இருக்கிறது. தொட்டிலில் பழக்கியதால் ஆறு வயதில் எந்தக் கூடுதல் ஒழுக்கமும் வந்துவிடவில்லை.

குறை இல்லாத ஆய்வு இல்லை. நூறு பிள்ளைகள் இடையில் விடுபட்டார்கள். மற்றக் குழுவிலும் சிலர் தாமாகவே அழவிட்டுப் பார்த்திருக்கலாம். நியூசிலாந்தில், ட்ரூபி கிங்கின் நாட்டில், 25 குழந்தைகளைப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு, அழுகை நின்றபிறகும் அழுத்த ஹார்மோன் குறையவில்லை என்று 2012-லேயே சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. 2016-ல் அடிலெய்டில் 43 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் நடத்தையில் வித்தியாசமில்லை. இவையெல்லாம் பெரும்பாலும் ஆறு மாதம் கடந்த, ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றியவை. பிறந்த குழந்தையைப் பட்டினியாக அழவிடுவதைப் பற்றியவை அல்ல. அதை யாரும் செய்ய வேண்டாம்.

அப்படியானால் வளர்ப்பே முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். ருமேனியாவைப் பாருங்கள். 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது அங்கே அனாதை விடுதிகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். வரிசையாகக் கட்டில்கள். அழுதால் வர ஆளில்லாததால் அழுவதையே விட்டுவிட்ட குழந்தைகள். 2000-த்தையொட்டி புகாரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. இரண்டு வயதுக்கு முன்பே ஒரு மடி கிடைத்தவர்கள் பல விதங்களில் நன்றாகத் தேறினார்கள், விடுதியில் தங்கியவர்கள் பின்தங்கினார்கள். பகல் இரவாக யாருமே வராமல் இருப்பது பிள்ளையை மாற்றிவிடும். அதில் சந்தேகமில்லை. பகலெல்லாம் கொஞ்சப்படுகிற பிள்ளைக்கு ராத்திரியில் அம்மா ஆறு நிமிடம் கழித்து வருவது அதோடு சேர்த்தி இல்லை.

இன்னும் ஒன்று. இது எனக்காகவே எழுதுவது.

2011-ல் டீட்டர் வோல்கேயும் வேறு இருவரும் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓயாத அழுகை, தூக்கக் கோளாறு, பாலூட்டுவதில் சிரமம் ஆகியவை இருந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் கவனக் குறைவு, துறுதுறுப்பு, முரட்டுத்தனம் வருவது மற்றவர்களைவிட ஓரளவு அதிகம். இந்தச் சிரமங்கள் இரண்டு மூன்று சேர்ந்து இருந்து, வீட்டிலும் கஷ்டம் இருந்தால் இன்னும் அதிகம். பெரும்பாலான பிள்ளைகள் எந்தக் கோளாறும் இல்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் தொடர்பு இருக்கிறது. அதை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதுதான் கேள்வி. தூங்கவைக்கத் தெரியாததால் பிள்ளை முரடானான் என்று படிக்கலாம். சில பிள்ளைகள் பிறக்கும்போதே தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள், அது எட்டு மாதத்தில் தூக்கமின்மையாகவும் எட்டு வயதில் வகுப்பில் உட்கார முடியாமையாகவும் தெரிகிறது என்றும் படிக்கலாம்.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டான். பெஞ்சில் அடி, பக்கத்துப் பையனோடு சண்டை. அவன் அம்மாவை வரச் சொன்னேன். "சின்னதிலேயே கண்டிச்சு வளத்திருக்கணும்மா. தொட்டில் பழக்கம் சும்மாவா சொன்னாங்க" என்றேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "பொறந்ததுல இருந்தே தூங்கமாட்டான் டீச்சர். மூணு வயசு வரைக்கும் நானும் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல" என்றார். நான் அதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொண்டேன். ஏட்டில் "வளர்ப்பு சரியில்லை" என்று எழுதினேன்.

அந்த அம்மா எனக்கு ஒரு தகவல் சொல்லியிருக்கிறார். அந்த 22 ஆய்வுகள் சொன்னதை அவர் முன்கூட்டியே ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கேட்கவில்லை. அவர் இந்தப் பதிவைப் படிக்க வாய்ப்பில்லை. அந்தப் பையன் ஒருவேளை படிக்கலாம். தம்பி, நீ படித்தால் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

மெல்போர்ன் மாணவிக்கு நேற்று நானே போன் செய்தேன். நர்ஸ் சொன்ன முறையைச் செய்ய மனம் ஒப்பினால் செய், ஒப்பாவிட்டால் தூக்கிக்கொள், எப்படிச் செய்தாலும் மல்லாத்திப் படுக்கவை, பகலில் அம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நீ இரண்டு மணி நேரம் தூங்கு என்றேன். அந்த ஆய்வு உன் ஊரில்தான் நடந்தது, நர்சிடம் கேட்டுப் பார் என்றும் சொன்னேன். "அப்போ அம்மா சொன்னதும் தப்பு, அத்தை சொன்னதும் தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். உன் வீட்டுக்காரர் ராத்திரியில் எழுந்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவருக்குக் காலைல ஆபீஸ் டீச்சர்" என்றாள். உனக்கு என்றேன்.

இன்று காலை செய்தி வந்திருக்கிறது. நேற்று ராத்திரி ஒரு தடவை அவர் எழுந்தாராம்.